உமிழ்நீர் கூறும் சாட்சி

(எமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இம்மாதக் கூட்டத்தில் எதைப் பற்றிப் பேசப் போகிறீர்கள் என்று நம் காரியதரிசி அவர்கள் எம்மை வினவியபொழுது, "எச்சிலைப் பற்றி" என்று விடையிறுத்தோம். அவர் முகம் சிறிது சுருங்கிற்று. அழைப்பிதழில் அச்சொல்லை அச்சிடத் தயங்கி, 'ஆரோக்கிய விஷயம்' என்று போட்டுவிட்டார். அவரைக் குறை கூறுதற்கில்லை. எச்சில் என்னுஞ் சொல்லைக் கேட்ட மாத்திரத்தே முகஞ் சுளிப்பது நம் நாட்டில் வழிவழி வந்த பழக்கம். ஒருவர் வாய் வைத்த பாத்திரத்தை மற்றொருவர் தொடார். உண்ட இலையை எடுப்பதற்கு ஓர் ஆளை நியமித்து, எடுத்தவரையே இழிவாக எண்ணுவாரும் உளர். இவற்றுள் சுகாதாரத்திற்கு இயைந்தது எவ்வளவு, வெறும் அகந்தை எவ்வளவு என்று பிரித்துக் காட்டுதல் வேறொரு நாள் பேசத்தக்க பொருள். இன்று யாம் கூறப் புகுந்தது யாதெனின், நாம் வேண்டாவென்று உமிழ்ந்து தள்ளும் இந்நீரே, உடலினுள் நடப்பதை வைத்தியர் முன்னின்று உரைக்கும் சாட்சியாக இக்காலத்தில் விளங்குகிறது என்பதே. அச்சாட்சியை எவ்விடத்து நம்பலாம், எவ்விடத்து நம்பலாகாது, நம் குடும்பங்களுக்கு அதனால் விளையும் பயன் யாது என்னும் மூன்றையும் எமக்குத் தெரிந்த அளவில் கூறுவோம்.

நம் சித்த வைத்தியர்கள் நோயை அறிதற்கு எட்டு வாயில்களை வகுத்தனர். நாடி, தொடுவுணர்வு, நா, நிறம், மொழி, கண், மலம், மூத்திரம் என்பன அவை. இவ்வெட்டனுள் எதற்கும் கத்தி வேண்டுவதில்லை, ஊசி வேண்டுவதில்லை. உடல் தானாக வெளியே காட்டுவதைக் கொண்டே உள்ளிருப்பதை ஊகித்தனர். பின்னர் மேல்நாட்டு வைத்தியம் பரவி, இரத்தத்தை எடுத்து அளக்கும் முறை வந்தது. ஊகம் போய் அளவு வந்தது. அதனால் விளைந்த நன்மை கொஞ்சமன்று. ஆயினும், ஊசிக்கு அஞ்சியோரும், சோதனைச்சாலை வாயிலில் தம்மை எவரேனும் கண்டுவிடுவரோ என்று நாணியோரும் சோதனைக்கே வாராதொழிந்தனர். வாராதவனுக்கு எத்துணை நுட்பமான சோதனை இருந்தும் பயன் என்னை? இவ்விடத்தேதான் உமிழ்நீர் உதவிக்கு வருகின்றது.

முதலில் உமிழ்நீர் இன்னதென்று அறிதல் வேண்டும். காதுகளுக்கு முன்னே, கீழ்த்தாடையின் உட்புறத்தே, நாவின் அடியிலே என மூன்று ஜோடிப் பெருஞ் சுரப்பிகளும், உதட்டிலும் கன்னத்தின் உட்புறத்திலும் பரந்து கிடக்கும் நூற்றுக்கணக்கான சிறு சுரப்பிகளும் இதனைச் சுரக்கின்றன. ஒரு நாளில் சுரப்பது ஏறக்குறைய அரை லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரை. அதில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு வெறுந் தண்ணீர். எஞ்சிய ஒரு பங்கிலேதான் விசேஷம் இருக்கிறது. ஒரு பிடி சோற்றை விழுங்காமல் மென்றுகொண்டேயிருந்தால் அது சற்று நேரத்தில் இனிக்கத் தொடங்கும். உமிழ்நீரிலுள்ள ஒரு பொருள் மாவுச் சத்தைச் சர்க்கரையாக மாற்றுவதே அதற்குக் காரணம். கிருமிகளைத் தடுக்கும் பொருள்கள் அதில் உள, உப்புக்கள் உள, வாயின் உட்தோலினின்று உதிர்ந்த அணுக்கள் உள. சுரப்பிகளைச் சூழ்ந்தோடும் நுண்ணிய இரத்தக் குழாய்களினின்றும் சில பொருள்கள் கசிந்து வந்து அதிற் கலக்கின்றன. ஆகவே, இரத்தத்தில் உள்ளவற்றுட் பல உமிழ்நீரிலும் உள்ளன.

ஆனால் ஒன்றை மறத்தலாகாது. உள்ளன என்பது உண்மையே. எவ்வளவு உள்ளன என்பதே வினா. நோயை எதிர்த்து உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருள்கள் இரத்தத்தில் இருக்கும் அளவினும் உமிழ்நீரிற் பல நூறு மடங்கு குறைவு. உண்ட உணவு, குடித்த காபி, மென்ற வெற்றிலை, ஈறிலிருந்து கசிந்த இரத்தம் யாவும் சாட்சியின் வாயை அடைத்துவிடக் கூடும். ஆதலின், ஒவ்வொரு நோய்க்கும் தனித்தனியே ஆராய்ந்து, இவ்விடத்தில் இதன் சாட்சி செல்லும், இவ்விடத்திற் செல்லாது என்று விஞ்ஞானிகள் வரையறுக்கின்றனர். அவ்வாறு செல்லும் என்று கண்ட சிலவற்றை ஈண்டு எடுத்துக் காட்டுவோம்.

சிறுநீரகங்களின் மேலே தொப்பி கவிழ்த்தாற்போல் அமர்ந்திருக்கும் சுரப்பிகள் கார்ட்டிசால் என்னும் பொருளைச் சுரக்கின்றன. அது மிதமிஞ்சிச் சுரந்தால் முகம் வட்டமாக உப்பும், உடல் பருக்கும், கைகால் மெலியும், இரத்த அழுத்தமும் சர்க்கரையும் ஏறும். ஹார்வி குஷிங் என்னும் அமெரிக்க ரணவைத்தியர் 1932-ஆம் ஆண்டில் இதனை விரித்தெழுதியதால் அவர் பெயரே நோய்க்கும் வழங்குகிறது. நலமுடையார்க்கு இப்பொருள் விடியற்காலையில் ஏறி, நடுநிசியில் மிகவும் தாழ்ந்திருக்கும். நோயுற்றார்க்கு நடுநிசியிலும் தாழ்வதில்லை. ஆகவே நடுநிசியில் அளந்தால் நோய் தெரியும். ஆனால், உறங்குகிறவரை ஆஸ்பத்திரியில் எழுப்பி ஊசி குத்தினால், அந்த அச்சத்தினாலேயே கார்ட்டிசால் ஏறிவிடுமே! உமிழ்நீர் இச்சங்கடத்தைத் தீர்த்தது. நோயாளி தம் வீட்டிலேயே, இரவு பதினொரு மணிக்கு மேல், ஒரு சிறு பஞ்சுச் சுருளை வாயிலிட்டு நனைத்துக் குப்பியில் அடைத்து மறுநாள் கொடுத்துவிடலாம். 2008-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் நாளமில்லாச் சுரப்பி வைத்தியர் சங்கத்தார் வகுத்த நெறிமுறையில், இவ்வாறு இரண்டு முறை எடுத்த உமிழ்நீரை முதற்சோதனைகளுள் ஒன்றாக ஏற்றனர். ஈண்டும் நிபந்தனைகள் உள. இராப்பணி செய்வார்க்கு இச்சோதனை பொருந்தாது. அதிமதுரம் மெல்லுகிறவர்க்கும், புகையிலை மெல்லுகிறவர்க்கும் அளவு பொய்யாக ஏறிக் காட்டக்கூடும். நாம் தொண்டைக்கு நல்லதென்று வாயிலிட்டுக்கொள்ளும் வேர் சாட்சியைப் புரட்டிவிடும் என்பது யாமே படித்து வியந்த செய்தி.

இரண்டாவது, பேசாத வாயினின்று பெறும் சாட்சி. சைட்டோமெகலோ வைரஸ் என்றொரு கிருமி உண்டு. பெரியவர்களுக்குப் பெரும்பாலும் தீங்கு செய்யாது. கர்ப்பிணியின் வயிற்றிலுள்ள குழந்தையைத் தொற்றினால், அக்குழந்தை பார்வைக்கு நலமாகவே பிறந்து, பின்னர்ச் சிறிது சிறிதாகச் செவிப்புலன் இழத்தலும் உண்டு. பிறந்து மூன்று வாரத்திற்குள் கண்டுபிடித்தாலன்றி, கிருமி கருவிலேயே வந்ததா, பிறந்தபின் வந்ததா என்று கூறுதல் அரிது. அமெரிக்காவில் ஏறக்குறைய 35,000 பச்சிளங் குழந்தைகளின் கன்னத்துள் பஞ்சுக் குச்சியைத் தடவி, அவ்வுமிழ்நீரைச் சோதித்தனர். நூற்றுக்குத் தொண்ணூற்றேழுக்கு மேற்பட்ட தொற்றுக்களை அச்சோதனை பிடித்தது என்று 2011-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். சிசுவின் குதிகாலைக் குத்திக் காகிதத்தில் உலர்த்திய இரத்தம் அதில் பாதியைக்கூடப் பிடிக்கவில்லை என்பதை முந்திய ஆராய்ச்சியிலேயே கண்டிருந்தனர். இவ்வொரு நோயில் உமிழ்நீர் இரத்தத்தையே வென்றது என்னலாம். ஆயினும் தாய்ப்பாலிலும் அக்கிருமி இருத்தல் கூடுமாதலின், பால் குடித்தவுடன் எடுக்கலாகாது. 'உண்டு' என்று வந்தால் குழந்தையின் சிறுநீரைக் கொண்டு உறுதி செய்தல் வேண்டும்.

மூன்றாவது நாம் எல்லோரும் அனுபவித்தது. 2020-ஆம் ஆண்டில் கோவிட் நோய் உலகைச் சூழ்ந்தபொழுது, மூக்கினுள் நெடுங்குச்சியைச் செலுத்திச் சோதித்தனர். கண்ணில் நீர் வரும், குழந்தைகள் அலறுவர், எடுக்கும் தாதியர் தும்மலுக்கு எதிரே நிற்க வேண்டும், குச்சிகளுக்கே பஞ்சம் உண்டாயிற்று. அமெரிக்காவில் யேல் சர்வகலாசாலையார், ஒரு குப்பியில் உமிழ்ந்து கொடுத்தால் போதுமென்னும் எளிய முறை ஒன்றை அமைத்து, 2020 ஆகஸ்டு 15-ஆம் நாள் அரசாங்க அனுமதி பெற்றனர். அம்முறையைத் தாமே வைத்துக்கொண்டு விலைகூறாமல், எந்தச் சோதனைச்சாலையும் கைக்கொள்ளுமாறு வெளியிட்டனர். நம் நாட்டில் நாகபுரியிலுள்ள மத்திய அரசின் ஆராய்ச்சி நிலையத்தார், உப்பு நீரைக் கொப்புளித்துக் குப்பியில் துப்புதலாகிய முறையை 2021-இல் அமைத்தனர். அது வெறும் உமிழ்நீர்ச் சோதனையன்று. அதற்கு நெருங்கிய உறவுடையது. தன் வாயிலிருந்து தானே எடுத்துத் தருதல் என்னும் தத்துவம் ஒன்றே.

நிற்க. இதுகாறும் கூறியவற்றைக் கேட்டு, இவையெல்லாம் எங்கோ நடப்பன, நமக்கென்ன என்று சிலர் எண்ணலாம். இனி யாம் கூறப் போவது அவ்வாறு எண்ணத்தக்கதன்று. சபையில் உரக்கக் கூறக் கூசும் நோயைப் பற்றியது அது. யாம் கூசப் போவதில்லை. தாய்மார்களும் பொறுத்துக் கேட்பார்களாக.

எச்.ஐ.வி. என்னும் கிருமி இந்தியாவில் இருக்கிறதென்பது முதன்முதலில் வெளிப்பட்டது நம் சென்னையிலேயே, ஆண்டு 1986. சென்னை மருத்துவக் கல்லூரியைச் சார்ந்த டாக்டர் சுனிதி சாலமன் அவர்களும், அவரிடம் பயின்ற மாணவியாகிய நிர்மலா அவர்களும் அதனைக் கண்டறிந்தனர். நம் நாட்டில் இந்நோய் இராது என்று பலர் நம்பியிருந்த காலத்தில், நம்பிக்கையை விட்டுச் சோதனையை மேற்கொண்ட இரண்டு பெண்மணிகள் அவர்கள். இன்று அந்நோய் மரண ஓலை அன்று. 2004 முதல் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் மருந்து இலவசமாகக் கிடைக்கிறது. ஒழுங்காக மருந்துண்பவர் நெடுங்காலம் வாழ்கின்றனர். கிருமி அளக்க இயலாத அளவுக்கு ஒடுங்கி நிலைத்துவிட்டால் தம் வாழ்க்கைத் துணைக்கு உடலுறவினால் அதனைக் கொடுப்பதுமில்லை. இத்துணை நன்மைக்கும் வாயில் ஒன்றே; தமக்கு நோய் உண்டென்று அறிதல். அவ்வாயிலிலேதான் நம் ஜனங்கள் நின்றுவிடுகின்றனர்.

இதற்கு உமிழ்நீர்ச் சோதனை வந்தது. அமெரிக்காவில் 1994-இல் வாயினின்று மாதிரி எடுத்துச் சோதனைச்சாலைக்கு அனுப்பும் முறைக்கும், 2004-இல் வாய்நீரைக் கொண்டு உடனே அறியும் கருவிக்கும், 2012-இல் அதனை வீட்டிலேயே உபயோகிப்பதற்கும் அரசாங்கம் அனுமதி தந்தது. கருவியின் பெயர் ஒராகுவிக். தட்டையான ஒரு சிறு குச்சி; அதன் நுனியில் மெல்லிய பஞ்சு. மேல் ஈற்றில் ஒரு முறை, கீழ் ஈற்றில் ஒரு முறை தடவி, சிறு குப்பியிலுள்ள திரவத்தில் நிறுத்தி இருபது நிமிஷம் காத்திருக்க வேண்டும். ஒரு கோடு தோன்றினால் 'இல்லை'; இரண்டு தோன்றினால் 'ஐயம் உண்டு'. அது பிடிப்பது கிருமியையன்று. கிருமியை எதிர்த்து உடல் உண்டாக்கிய எதிர்ப்பொருளையே பிடிக்கிறது. உமிழ்நீரால் இந்நோய் பரவுவதில்லை. ஒரே தட்டில் உண்பதனாலோ, ஒரே குவளையில் குடிப்பதனாலோ தொற்றாது. எச்சிலில் சோதிப்பதனால் எச்சிலிற் பரவும் என்று எவரேனும் எண்ணினால், அவ்வெண்ணத்தை இக்கணமே விடுவாராக.

உலக சுகாதார ஸ்தாபனம் 2016-இல் இத்தகைய சுயசோதனையை ஏற்றுப் பரிந்துரைத்தது. அதற்கு ஆதாரமாக நின்றவற்றுள் ஆப்பிரிக்க நாடுகளிற் கண்ட அனுபவம் முக்கியமானது. மலாவி நாட்டின் பிளாண்டயர் நகரத்தில், அக்கம்பக்கத்தார் வழியாகவே இக்கருவிகளைக் கொடுத்துப் பார்த்தனர். ஓராண்டில் அப்பகுதிகளிலிருந்த வயது வந்தோருள் நான்கில் மூன்று பங்கினர் தம்மைத் தாமே சோதித்துக்கொண்டனர். கென்யா நாட்டின் கிசுமு நகரத்தில் நிகழ்ந்தது இன்னும் கருதத்தக்கது. அங்கும் ஆண்மக்கள் சோதனைக்கு வருவதில்லை. கர்ப்பிணிகளே ஆஸ்பத்திரிக்கு வருவர். 600 பெண்களைத் தேர்ந்து, ஒரு பாதியார்க்கு, கணவர் ஆஸ்பத்திரிக்கு வருமாறு அழைப்புச் சீட்டுக் கொடுத்தனர். மறு பாதியார்க்கு வீட்டுக்குக் கொண்டு செல்லுமாறு உமிழ்நீர்க் கருவிகளையே கொடுத்தனர். சீட்டுப் பெற்றாருடைய துணைவருள் நூற்றுக்கு ஐம்பத்திரண்டு பேரே சோதித்துக்கொண்டனர். கருவி பெற்றாருடைய துணைவருள் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் சோதித்துக்கொண்டனர். 2016-இல் இது வெளியாயிற்று. சகோதரர்களே! நம் வீட்டு ஆண்மக்கள் இவ்விஷயத்தில் எவ்வாறிருப்பர் என்பதை யாம் கூற வேண்டுவதில்லை. எதிரே அமர்ந்திருக்கும் தாய்மார்களின் புன்சிரிப்பே கூறுகிறது.

இனி, இச்சாட்சி தவறும் இடத்தையும் மறையாமல் கூறுதல் கடமை. சாதாரண ஜனங்கள் தாமே வீட்டிற் செய்துபார்த்ததில், நோயுடையார் பன்னிருவருள் ஒருவரை இக்கருவி 'இல்லை' என்று விட்டுவிட்டது. நோயில்லாதார் ஐயாயிரவருள் ஒருவரை 'உண்டு' என்று காட்டிற்று. இப்பிழை அற்பமெனத் தோன்றும். சற்றுக் கணக்கிட்டுப் பாருங்கள். இந்தியாவில் வயது வந்தோருள் ஏறக்குறைய ஐந்நூற்றுவருக்கு ஒருவர் இந்நோயுடையார். பதினாயிரம் பேருள்ள ஓர் ஊரை எடுத்துக்கொள்வோம். நோயுடையார் இருபதின்மர். அவருள் பதினெண்மரைக் கருவி பிடிக்கும், இருவரை விட்டுவிடும். நோயில்லாத ஏனைய ஒன்பதினாயிரத்துத் தொள்ளாயிரத்தெண்பதின்மருள் இருவரைத் தவறாகக் குற்றஞ் சாட்டும். ஆக, இரண்டு கோடு கண்டோர் மொத்தம் இருபதின்மர். அவருள் இருவர் குற்றமற்றோர். அதாவது, இரண்டு கோடு கண்ட பதின்மருள் ஒருவர்க்கு நோயே இல்லை! இரண்டு கோட்டைக் கண்டவுடன் கிணற்றை நோக்கி ஓடுவதும், மனைவியைப் பிறந்தகம் அனுப்புவதும் எத்துணைக் கொடுமை என்பதை இக்கணக்கே உணர்த்தும். இரத்தச் சோதனையால் உறுதி செய்யும் வரை இரண்டு கோடு தீர்ப்பன்று. அவ்வாறே ஒரு கோடும் விடுதலைப் பத்திரமன்று. தொற்று உண்டானவுடன் எதிர்ப்பொருள் தோன்றிவிடுவதில்லை. இக்கருவிக்குப் புலப்பட மூன்று மாதம் வரை ஆகலாம். அக்காலத்தில் சாட்சி அறியாமையால் 'இல்லை' என்று கூறும்.

இதற்கு ஓர் உதாரணம் எம் அனுபவத்திலேயே உண்டு. சில ஆண்டுகளுக்கு முன், கடல் கடந்து வேலை பார்த்து வந்த நம் உறவினரான ஓர் இளைஞர், கல்யாணத்திற்காக ஊர் வந்திருந்தார். முகூர்த்தத்திற்கு மூன்று வாரமே இருந்தது. ஒரு நாள் இரவு எம்மிடம் வந்து, நெடுநேரம் ஊர்க் கதைகள் பேசி, எழுந்து வாயில் வரை சென்று, திரும்பி வந்து உட்கார்ந்தார். "மாமா, ஒரு தவறு செய்துவிட்டேன். இரண்டு வாரங் கழித்து அங்கேயே கருவி வாங்கிச் சோதித்தேன். ஒரு கோடுதான் வந்தது. இது போதுமல்லவா?" என்று கேட்டார். போதும் என்னும் ஒரு சொல்லைக் கேட்பதற்கே வந்தார் என்பது அவர் முகத்தில் எழுதியிருந்தது. அச்சொல்லைச் சொல்லிவிட எம் நாவும் துடித்தது. பந்தல்காரனுக்கு முன்பணம் கொடுத்தாயிற்று, பத்திரிகை அடித்தாயிற்று, பெண் வீட்டார் நகைக்குக் கொடுத்திருந்தனர். ஆயினும், "போதாது, தம்பி. நாள் இன்னும் நிறையவில்லை" என்றோம். அவர் அழுதார். முகூர்த்தம் தள்ளிப் போயிற்று. தம் தாயாரிடம் என்ன காரணம் கூறினாரோ அறியோம். ஊரார் பல காரணங்களைக் கற்பித்தனர். மூன்று மாதம் நிறைந்தபின் அரசாங்கச் சோதனை நிலையத்தில் இரத்தம் கொடுத்து முடிவை அறிந்தார்.

அன்பர்களே! அவர் யார், முடிவு யாதாயிற்று என்று உங்கள் கண்கள் இப்பொழுது எம்மைக் கேட்கின்றன. இச்சொற்பொழிவின் சாரமெல்லாம் அதற்கு யாம் கூறும் விடையில் அடங்கியிருக்கிறது. கூறமாட்டோம். நோயில்லை என்று இன்று யாம் கூறிவிட்டால், நாளை வேறொருவரைப் பற்றி யாம் மௌனமாயிருக்கும்பொழுது, அம்மௌனமே 'நோய் உண்டு' என்று பொருள்படும். அந்த இளைஞர் இரண்டு மாத காலம் எம் வீட்டு விளக்கணையும் வரை காத்திருந்து வந்து போனது ஊசிக்கு அஞ்சியன்று. உங்கள் கண்களுக்கும் எம் கண்களுக்கும் அஞ்சியே. ஊசியின் வலியை விஞ்ஞானம் நீக்கிவிட்டது. பிறர் முகத்தைப் பார்க்கும் வலியை விஞ்ஞானம் நீக்காது. அதை நாம்தான் நீக்குதல் வேண்டும்.

நம் சட்டமும் இதனையே கூறுகிறது. 2017-ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டம் 2018 செப்டம்பர் 10-ஆம் நாள் முதல் நடைமுறையில் உள்ளது. ஒருவர் சம்மதமின்றி அவரைச் சோதிக்கலாகாது; அவர் முடிவைப் பிறர்க்கு வெளியிடலாகாது; அது காரணமாக வேலையினின்றோ, பள்ளியினின்றோ, குடியிருக்கும் வீட்டினின்றோ விலக்கலாகாது என்பன அதன் விதிகள்.

இனி, எதற்கெல்லாம் உமிழ்நீரை நம்பலாகாது என்பதையும் சுருங்கக் கூறி முடிப்போம். சர்க்கரை வியாதியுடையார், விரலைக் குத்துவதற்குப் பதிலாக எச்சிலைச் சோதித்தாலென்ன என்று எம்மைக் கேட்பதுண்டு. இரத்தச் சர்க்கரையின் ஏற்ற இறக்கத்தை உமிழ்நீர் ஒழுங்காகப் பின்பற்றுவதில்லை. அதனை நம்பி மருந்தின் அளவை மாற்றலாகாது. காலையில் எழுந்தவுடன் ஒரு குவளை நீரில் உமிழ்ந்து, அது நூல் நூலாக இறங்கினால் இன்ன நோய் என்று செல்பேசியில் வரும் செய்தி ஆதாரமற்றது.

வாய்ப்புற்று நோயை உமிழ்நீரால் அறியும் ஆராய்ச்சிகள் நடைபெறுகின்றன. ஆயினும் இன்று உயிர் காப்பதாக நிரூபணமாயிருப்பது எளியதொரு காரியம். திருவனந்தபுரம் ஜில்லாவில், பயிற்சி பெற்ற சுகாதார ஊழியர்கள் வீடு வீடாகச் சென்று ஜனங்களின் வாயைத் திறக்கச் செய்து, வெளிச்சத்தில் கண்ணாற் பார்த்தனர். புகையிலையோ மதுவோ பழகியவருள் வாய்ப்புற்றால் இறப்போர் தொகை நூற்றுக்கு முப்பத்து நான்கு பங்கு குறைந்ததென்று 2005-இல் வெளியிட்டனர். வெற்றிலையோடு புகையிலை சேர்ப்போர் நம் சங்கத்திலும் உளர். அவர்கள் ஆண்டுக்கொரு முறை பல் வைத்தியரிடம் சென்று வாயைத் திறந்து காட்டுதல் எந்தக் கருவியினும் நன்று. ஆறாத புண்ணோ, வெண்திட்டோ, செந்திட்டோ இரண்டு வாரத்திற்கு மேல் நின்றால் ஆண்டு முடியக் காத்திரார்களாக.

மற்றொன்று. குப்பியில் உமிழ்ந்து தபாலில் அனுப்பினால் குலவழியையும் வரக்கூடிய நோய்களையும் கூறுகிறோம் என்னும் வியாபாரம் 2007 முதல் நடைபெற்று வருகின்றது. உமிழ்நீரிலுள்ள அணுக்களின் டி.என்.ஏ.யைப் படித்துக் கூறுவது அது. அக்குப்பியில் இருப்பது உமிழ்ந்தவர் ரகசியம் மட்டுமன்று; உடன்பிறந்தார், பெற்றோர், பிள்ளைகள் ஆகிய யாவர் ரகசியமும் அதில் உண்டு. அவ்வியாபாரத்தில் முன்னின்ற அமெரிக்கக் கம்பெனி ஒன்றிலிருந்து 2023-இல் ஏறக்குறைய 69 லட்சம் பேரைப் பற்றிய விவரங்கள் களவு போயின. 2025 மார்ச்சில் அது கடன் தீர்க்க வகையின்றி நீதிமன்றத்தை அடைந்தது. ஆகவே, வைத்தியர் கேட்டால் உமிழுங்கள்; வேடிக்கைக்காக உமிழாதீர்கள்.

முடிவாக இச்சபையை யாம் வேண்டுவன மூன்று. சோதனை செய்துகொண்டவரிடம் முடிவைக் கேளாதிருப்போம் என்பது முதலாவது. எச்சோதனையையும் அதன் அளவறிந்து நம்புவோம். 'உண்டு' எனில் உறுதி செய்வோம், 'இல்லை' எனில் நாள் நிறைந்ததா என்று பார்ப்போம் என்பது இரண்டாவது. கல்யாணத்திற்கு ஜாதகம் பார்க்கும் நம் வீடுகளில், மணமக்கள் இருவரும் தாமே மனமுவந்து சோதித்து, முடிவைத் தம்முள் மட்டும் பேசிக்கொள்ளும் வழக்கத்தைத் தடுக்காதிருப்போம் என்பது மூன்றாவது. சோதனை வேண்டுவார்க்கு அரசாங்க ஆஸ்பத்திரிகளில் நம்பிக்கை மையங்கள் உள, கட்டணமில்லை. நேரிற் செல்லக் கூசுவோர் 1097 என்னும் எண்ணிற் பேசலாம்; பெயர் கூற வேண்டுவதில்லை.

எச்சில் இழிந்ததென்று எண்ணியே இத்தனை நாள் வாழ்ந்தோம். உண்மையில் நம் வாயினின்று வெளிப்படுவனவற்றுள் இழிந்தது எச்சிலன்று. பிறர் நோயைப் பற்றி நாம் திண்ணையிற் பேசும் பேச்சே. அதனை உமிழ்ந்துவிட்டு வீடு செல்வோமாக.